ஒப்பந்தம் இல்லாத ஆட்டக்காரர்கள்

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்றால் ஆண்டு விழாப் பந்தயம் அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் மட்டும் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். கல்லூரிகளுக்கு இடையே மார்ச் மாதம் நடக்கும் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை எட்டு ஆண்டுகள் நீட்டிக்க 2016இல் பேசப்பட்ட தொகை 880 கோடி டாலர். ஆனால் ஆடுகிற மாணவருக்கு நெடுங்காலம் கிடைத்தது கல்விக் கட்டணமும் தங்குமிடமும் சாப்பாடும்தான். 1955இல் கொலராடோவில் ஒரு கல்லூரி வீரர் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி கேட்ட தொழிலாளர் இழப்பீட்டை மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் மறுத்துவிட்டது. ஆடுகிறவர் ஊழியர் அல்ல என்ற அந்த நிலைப்பாட்டைக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இன்றுவரை விடவில்லை. வீரர்கள் வருடா வருடம் கல்லூரி மாறுகிறார்கள் என்று இன்று எல்லோரும் புலம்புகிற குழப்பத்துக்கு வேர் அதுதான் என்பது என் வாதம்.

கால்பந்து, கூடைப்பந்து போன்ற பெரிய ஆட்டங்களில் கல்லூரி மாறும் வீரர் முன்பெல்லாம் ஓராண்டு களம் இறங்காமல் காத்திருக்க வேண்டும். பயிற்சியாளருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. 2021 நவம்பரில் கால்பந்துப் பயிற்சியாளர் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவை விட்டுத் தென் கலிபோர்னியாவுக்குப் போனார். அதே வாரத்தில் பிரையன் கெல்லி நோட்டர் டேமை விட்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இரண்டு அணிகளுக்கும் அந்தப் பருவத்தில் இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது. 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது அவருக்குத் தரவேண்டியிருந்தது ஏழரைக் கோடி டாலருக்கு மேல். அதுவும் வேலை பார்த்ததற்கு அல்ல, வேலையை விட்டுப் போகச் சொன்னதற்கு!

இந்தப் பாரபட்சத்தை என்.சி.ஏ.ஏ. தானாகத் திருத்தவில்லை. படிப்பு சார்ந்த சலுகைகளுக்கு அது வைத்த வரம்பு செல்லாது என்று 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்க வழி திறந்தது. இடமாற்றக் கட்டுப்பாடும் நீதிமன்றத்தில் அடிவாங்கி 2024இல் பெரும்பாலும் கரைந்துபோனது. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் ஏற்கப்பட்ட சமரசத்தின்படி பழைய, இன்றைய வீரர்களுக்கு 280 கோடி டாலர் இழப்பீடு. இனி ஒரு கல்லூரி ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம்.

வருடா வருடம் அணி மாறினால் படிப்பு என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமே, மாறும்போது முடித்த பாடங்கள் சில கணக்கில் சேராமல் போகின்றன. ஆனால் உதவித்தொகையில் இசை படிக்கும் மாணவி கல்லூரி மாறினால், ஓராண்டு மேடையேறக் கூடாது என்று யாரும் சொல்வதில்லையே. தொழில்முறைக் கூடைப்பந்து வீரர்கள் நினைத்த மாத்திரத்தில் அணி தாவ முடியாததற்குக் காரணம், அவர்கள் சங்கம் பேரம் பேசிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். சம்பள உச்சவரம்பும் அந்தப் பேரத்தில் வந்ததுதான். கல்லூரிகளோ அப்படிப் பேசாமலே வீரர்களைக் கட்டிப்போட நாடாளுமன்றத்திடம் சட்டப் பாதுகாப்புக் கேட்கின்றன.

பெண்கள் விளையாட்டும் நீச்சல் போன்ற சிறு விளையாட்டுகளும் நலிந்துவிடும் என்ற அச்சத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகத் தரும் பணத்தில் பெரும்பகுதி ஆண்களின் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. ஆயினும் நீச்சல் குளத்தின் செலவைக் கால்பந்து வீரரின் தரப்படாத கூலியிலிருந்து எடுப்பது எந்த வகை நீதி? அதைப் பயிற்சியாளர்களின் சம்பளத்திலிருந்து எடுக்கலாமே.

பேரம் பேச ஆளில்லாமல் இல்லை. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி 13க்கு 2 என்ற வாக்கில் சங்கம் அமைக்கத் தீர்மானித்தது. கல்லூரி பேச மறுத்தது. விவகாரம் போயிருந்த தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் ஆட்கள் மாறினால் தீர்ப்பு வீரர்களுக்கு எதிராகப் போகும் என்ற நிலையில், அந்த டிசம்பரில் சங்கத்தின் மனு திரும்பப் பெறப்பட்டது.