கோணற்பாதமும் வீட்டுப் பராமரிப்பும்



சென்னையில் மயிலாப்பூருக்குத் தெற்கே அபிராமபுரம் என்று ஒரு பகுதி உண்டு. கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற பெண்கள் பலர் அங்குள்ள வீடுகளில் பாத்திரம் துலக்கியும் சமையல் செய்தும் ஜீவனம் நடத்துகின்றனர். அவர்களில் ஒருத்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண் குழந்தை பிறக்கிறது. ஆனால் வலது பாதம் உட்புறமாக மடங்கி, உள்ளங்கால் பக்கவாட்டில் திரும்பி, குதிகால் மேலே ஏறிக் காணப்படுகிறது. உடனே வீட்டில் விசாரணை ஆரம்பமாகிவிடுகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாளா? அரிவாள்மணையில் காய் நறுக்கினாளா? பிள்ளை பெற்று மூன்று நாள்கூட ஆகாதவளை இங்ஙனம் கூண்டில் ஏற்றுவது எவ்விதத்திலும் நியாயமன்று.

இதற்குக் கோணற்பாதம் என்று பெயர். ஏறக்குறைய 1,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது உண்டாகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரு மடங்கு அதிகம். பாதிக் குழந்தைகளுக்கு இரண்டு பாதங்களும் கோணியிருக்கும். சில குடும்பங்களில் வம்சவழியாகவும் வருகிறது. கிரகணத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

எண்ணெய் தடவி நீவினால் நேராகிவிடும் என்பார் பாட்டி. எலும்பு கட்டுகிறவரிடம் தூக்கிச் செல்லலாம் என்பார் மாமா. முறிந்த எலும்பைக் கூட்டுவது வேறு. கருவிலேயே தசைநாண்கள் இறுகி வளைந்த பாதத்தைத் திருத்துவது வேறு. பச்சைக் குழந்தையின் காலில் மூங்கிற்பத்தை வைத்து இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலுக்கே மோசம் வந்துவிடக்கூடும்.

முற்காலத்தில் டாக்டர்களும் பெரிய சத்திர சிகிச்சையையே நம்பியிருந்தனர். அறுத்துத் திருத்திய பாதங்கள் பார்வைக்கு நேராயிருந்தும், வயது ஏற ஏற விறைத்து நோவு கொடுப்பதை, ஸ்பெயின் தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையில் பணியாற்றிய டாக்டர் இக்னேசியோ பொன்செட்டி (1914–2009) கண்டார். குழந்தையின் இளங்குருத்து எலும்பு மெதுவாகத் திருப்பினால் திரும்பும் என்பதை உணர்ந்து அவர் ஏற்படுத்திய முறையே இன்று உலகமெங்கும் அனுசரிக்கப்படுகிறது. வாரம் ஒருமுறை பாதத்தை இதமாகத் திருப்பி, விரல் முதல் தொடை வரையில் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். ஐந்து, ஆறு கட்டுகளில் பெரும்பாலும் பாதம் நேராகிவிடுகிறது. அதன்பின் அநேகக் குழந்தைகளுக்குக் குதிகால் நாணில் சிறு வெட்டு ஒன்று செய்து, மூன்று வாரத்துக்குக் கடைசிக் கட்டுப் போடுவார்கள். வெட்டிய நாண் அதற்குள் வேண்டிய நீளத்துக்குத் தானே வளர்ந்து கூடிவிடும். பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது உத்தமம். நாட்கள் கடந்துவிட்டாலும் கைவிட வேண்டியதில்லை.

இனி வீட்டார் வேலை. கட்டுப் போட்ட முதல் நாள் அது நன்றாய் உலர வேண்டும். காலின் கீழ் மடித்த துணி வைத்து, குதிகால் அழுந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விரல் நுனியை லேசாக அழுத்தினால் வெளுத்து, விட்டவுடன் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலும், விரல் நீலம் பாரித்தாலும், வீங்கினாலும், குளிர்ந்துபோனாலும் மறுநாள் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மற்றொன்று பலர் அறியாதது. விரல்கள் கட்டுக்குள் மறைந்துபோனால், குழந்தை வளர்ந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. கட்டு நழுவிவிட்டது என்றே பொருள். நழுவிய கட்டு நன்மையைவிடத் தீமையே செய்யும்.

தலைக்கு ஊற்றுவதும் தொட்டியில் குளிப்பாட்டுவதும் கூடாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தால் போதும். மூத்திரம் கட்டில் இறங்காதபடி அடித்துணியை மேலே தூக்கிக் கட்ட வேண்டும். கட்டுக்குள் பவுடரோ எண்ணெயோ போடலாகாது. துர்நாற்றம் வீசினாலும் காரணமின்றிச் சுரம் கண்டாலும் உள்ளே புண் இருக்கலாம்.

இதுவரை டாக்டர் கை ஓங்கியிருந்தது. இதற்குப் பின்தான் உண்மையான சோதனை. கடைசிக் கட்டு அவிழ்ந்ததும், ஒரு கம்பியின் இரு முனைகளில் பொருத்திய சிறு பூட்ஸ் தருகிறார்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். பிறகு நான்கு வயது வரையில் இரவிலும் பகல் தூக்கத்திலும் அதை மாட்ட வேண்டும். அதைக் கைவிடுவதே பாதம் மீண்டும் கோணுவதற்கு முக்கியக் காரணம். பாதமோ நேராய்த் தெரிகிறது, குழந்தையோ அழுகிறது, தெருவார் "ஐயோ, பச்சைப் பிள்ளைக்கு விலங்கா!" என்கிறார்கள். தாய் கழற்றிவிடுகிறாள். சில மாதங்களில் பாதம் பழைய திசைக்கே போகிறது.

பூட்ஸுக்குள் பருத்தி உறை போட்டு, குதிகால் அடியில் படிகிறதா என்று பார்த்தே வாரை இறுக்க வேண்டும். தளர்வான பூட்ஸ்தான் புண்ணாக்கும். இரு கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால் சில தினங்களில் குழந்தை பழகிவிடும். துணித் தூளியில் கம்பி நெருக்கினால் பாயில் கிடத்தலாம். கம்பியில் துணி சுற்றிவைத்தால் தூக்குபவர் மேலும் இடிக்காது. விரல் நுனி பூட்ஸின் விளிம்பைத் தாண்டினால் புது அளவு கேட்க வேண்டும்.

மேற்சொன்ன பெண்ணின் விஷயத்தில் இன்னொரு சங்கடம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புருஷன் வந்து அழைத்துப் போகிறான். பெரும்பாலும் பூட்ஸ் தொடங்கும் சமயமும் அதுவே. கிராமத்து ஆஸ்பத்திரிச் சீட்டு தாய்வீட்டுப் பரணில் கிடக்க, அவள் அபிராமபுரத்தில் விடியற்காலை வேலைக்குப் போய்விடுகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வார் கட்டத் தெரியாது. ஆதலால் புறப்படுமுன் சீட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வதும், மாட்டும் விதத்தை அந்த அக்காவுக்கும் புருஷனுக்கும் கற்பிப்பதும் அவசியம்.

அபிராமபுரத்துக்கு அண்மையில், துர்க்காபாய் தேஷ்முக் ஸ்தாபித்த ஆந்திர மகிளா சபையின் எலும்பு மூட்டு வைத்திய நிலையம் போலியோ கண்ட குழந்தைகளுக்குப் பெரும் தொண்டு செய்தது. இந்தியாவில் கடைசிப் போலியோ 2011-ல் கண்டது. 2014-ல் நோய் ஒழிந்ததாகச் சான்று வழங்கப்பட்டது. சொட்டு மருந்து அந்நோயை விரட்டிற்று. கோணற்பாதத்துக்கோ அத்தகைய சொட்டு மருந்து கிடையாது. இது கண்ட குழந்தைகள் இனியும் பிறப்பார்கள்.

சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எனினும் வாரம் ஒரு நாள் கூலி போகிறது. பைலாவில் இடமிருந்தால் பொது நன்மை நிதியிலிருந்து அந்த ஆறேழு நாட் கூலியை ஈடுசெய்யலாம். அடுத்துச் செல்லவேண்டிய தேதியைக் காரியதரிசி குறித்துவைத்து, தவறினால் ஆள் அனுப்பி விசாரிக்கலாம். தவணை தப்பிய கடனுக்கு ஆள் அனுப்பும் வழக்கம் எச்சங்கத்துக்கும் புதிதன்று.

சிகிச்சைக்குப் பெருஞ்செலவு என்று அஞ்ச வேண்டாம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் கண்டறியும் பிறவிக் குறைகளில் கோணற்பாதமும் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ குழந்தையைக் காட்டினால், மாவட்டத்திலுள்ள மையத்துக்குச் சீட்டு எழுதி அனுப்புவார்கள். பிரசவமான வாரத்திலேயே காட்டிவிட வேண்டும்.