கப்பல் கணக்கும் கரைக் கணக்கும்

திருகோணமலை என்றதும் கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் பலர் நினைவுக்கு வரும். கடலோடிகளுக்கோ ஆழம் மிக்க அந்த இயற்கைத் துறைமுகமே முதலில் தோன்றும். அதன் ஓரத்தில், சீனன்குடாவில், ஆங்கிலேயர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்து அழிந்தது. இன்று எஞ்சியிருப்பவை 99. 2022 சனவரியில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இவ்விரண்டின் கூட்டு நிறுவனத்துக்கும் உரியனவாயின.

எண்ணெய் ஒன்றே, அதைப் பற்றிய கணக்குகளோ பல. கப்பலுக்கு ஒரு கணக்கு, தாங்கிக்கு ஒரு கணக்கு, சுங்கத்துக்கு ஒரு கணக்கு, விற்பனைக்கு ஒரு கணக்கு. முன்னாளில் எழுதுவினைஞர் ஒருவர் ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏட்டில் எழுதினார். ஐயம் எழுந்தால் நிறுத்திக் கேட்டார். இன்று கணினி கணினிக்கு அனுப்புகிறது. கணினிக்கு ஐயம் எழுவதில்லை. எங்கே ஐயுற வேண்டும் என்பதை மனிதரே முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்.

கப்பலின் பத்திரம் எண்ணெயைப் பீப்பாயிலோ தொன்னிலோ கூறும். ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லீற்றர். தாங்கியில் முதலில் கிடைப்பது லீற்றரும் அன்று, தொன்னும் அன்று. எண்ணெய் நிற்கும் உயரம் மட்டுமே. அந்தந்தத் தாங்கிக்கென வகுத்த அட்டவணையைக் கொண்டு உயரத்தைக் கனவளவாக்க வேண்டும். பின்னர் வெப்பநிலையைக் கவனித்துத் திருத்த வேண்டும். அதன் பின்னரே அடர்த்தியால் பெருக்கி எடை காணலாம்.

வெப்பநிலை அற்பமான காரியம் அன்று. டீசல் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக விரிகிறது. 30 பாகை வெப்பத்தில் 10 இலட்சம் லீற்றராக அளக்கப்பட்டது, 15 பாகைக்குத் திருத்தப்படும்போது ஏறத்தாழ 12,000 லீற்றர் குறைந்து காணும். எவரும் திருடவில்லை, எதுவும் ஒழுகவில்லை. ஆயினும் ஒரு கணக்கு திருத்திய அளவையும், மற்றது திருத்தாத அளவையும் 'லீற்றர்' என்ற ஒரே பெயரில் தாங்கி நிற்குமானால், பழி களஞ்சியப் பொறுப்பாளர் மீது விழும். ஒரு தலைப்பின் பிழை ஒரு நேர்மையாளரின் நற்பெயரைக் குலைத்துவிடும்.

1983 ஆம் ஆண்டு சூலை 23 ஆம் நாள் கனடாவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். பயணிகள் விமானம் ஒன்றுக்கு எரிபொருள் கணக்கிட்டவர்கள், லீற்றரைக் கிலோகிராமாக்க வேண்டிய இடத்தில் இறாத்தலாக்கும் எண்ணைப் பயன்படுத்தினர். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு எழுந்த விமானம் நடுவானில் இயந்திரங்கள் நின்று போக, கிம்லி என்னும் பழைய விமானத்தளத்தில் மிதந்து இறங்கியது. விமானிகளின் திறமையால் எல்லோரும் உயிர் தப்பினர். பெருக்கலில் பிழை இல்லை. பெருக்கிய எண்ணே வேறோர் அளவைக்கு உரியது.

அளவைக்கு அடுத்தது வகை. எண் போலத் தோன்றுவன எல்லாம் எண் அல்ல. உலகச் சுங்க வகைப்பாட்டில் தேயிலையின் குறியீடு 0902. இதை எண்ணாகக் கொண்டால் முன்னிற்கும் சுழி உதிர்ந்து 902 ஆகும். முதலிரண்டு இலக்கங்களே அத்தியாயம் ஆகையால், 09 ஆம் அத்தியாயத்துத் தேயிலை 90 ஆம் அத்தியாயத்துக் கண்ணாடிக் கருவிகளோடும் மருத்துவக் கருவிகளோடும் போய்ச் சேரும். கூட்டவும் கழிக்கவும் வேண்டாத இலக்கத்தைச் சொல்லாகவே வைத்திருப்பது முறை.

நாளும் அவ்வாறே. 9/4/1942 என்பது இலங்கையருக்கு ஏப்பிரல் 9. அமெரிக்கருக்கோ செத்தெம்பர் 4. நேரமும் அப்படியே. இலங்கை நேரம் 1996 இல் இருமுறையும் 2006 இல் ஒருமுறையும் மாற்றப்பட்டது. ஆகவே பழைய ஏட்டின் நண்பகல் 12 மணியை உலகப் பொது நேரத்துக்கு மாற்ற, எந்த ஆண்டின் நண்பகல் என்பதும் தெரிய வேண்டும். ஊர்ப்பெயரும் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இதனாலேயே கப்பல் பத்திரங்களில் எல்.கே.டி.ஆர்.ஆர். என்னும் ஐந்தெழுத்துக் குறியீடு திருகோணமலையைக் குறிக்கிறது.

ஆகவே இரு கணக்குகளை இணைப்போர் முதலில் எழுத வேண்டியது ஓர் இணைப்பு அட்டவணையே. இங்குள்ள எந்தத் தலைப்பு அங்குள்ள எந்தத் தலைப்புக்குச் செல்கிறது, அது எண்ணா சொல்லா நாளா, அளவை எது, எத்தனை தசம இடம் என்பன அதில் விளங்க வேண்டும். வெற்றிடத்தையும் சுழியையும் ஒன்றாக்கலாகாது. சுழி என்றால் தாங்கியில் எண்ணெய் இல்லை. வெற்றிடம் என்றால் எவரும் அளக்கவில்லை. இடைவழியில் எண்ணை முழுமையாக்காமல், கடைசிப் படியில் மட்டும் முழுமையாக்க வேண்டும். பொருந்தாதது வந்தால் கணினி ஊகித்து நிரப்பாமல், அதைத் தனியே நிறுத்தி ஒரு மனிதரை அழைக்க வேண்டும். மாற்றியதைத் திரும்ப மாற்றினால் தொடங்கிய எண்ணே வருகிறதா என்பதே இறுதிச் சோதனை.

இத்தனையும் செய்தபின் கப்பல் கணக்கும் கரைக் கணக்கும் வேறுபட்டால், அந்த வேறுபாடு உண்மையானது. அப்பொழுதுதான் தாங்கியில் ஒழுக்கு உண்டா என்று தேடுவது பொருளுடைய செயலாகும்.