‘அண்ணை றைற்’ தந்த கலைஞர்



1990ஆம் ஆண்டு தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, வேலணையிலிருந்து வெளிக்கிட்ட குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அப்போது நான் சிறுவன். நாங்கள் ஒதுங்கியிருந்த வீட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றுவோம். டைனமோ தரும் மின்சாரத்தில் ஒலிநாடா பாடும். அப்படி நான் கேட்டதுதான் கே. எஸ். பாலச்சந்திரன் அவர்களின் ‘அண்ணை றைற்’. சிரிப்பில் கை தளர்ந்தால் குரல் இழுபடும். “சுத்தடா!” என்று பின்னாலிருந்து அதட்டுவார்கள். வீட்டை விட்டு வந்த பெரியவர்கள் அன்று வாய்விட்டுச் சிரித்ததை நான் மறக்கவில்லை.

வடமராட்சி கரவெட்டியில் 1944இல் பிறந்தவர் பாலச்சந்திரன். இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ தொடரில் நடித்தார். ‘கிராமத்துக் கனவுகள்’ தொடரைத் தாமே எழுதினார். நெடுந்தீவுக் கடற்கரையைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978இல் திரைப்படமானபோது அதிலும் நடித்தார். ரூபவாஹினி நாடகங்களிலும் தோன்றினார். எனினும் அவர் பெயரைச் சொன்னதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பஸ் கொண்டக்டர்தான்.

அந்தத் தனிநடிப்பை எண்ணிப் பாருங்கள். மேடையில் பஸ் இல்லை, சாரதி இல்லை, பயணிகளும் இல்லை. கொண்டக்டர் மட்டும் பேசுகிறார். மற்றவர்களின் மறுமொழி நமக்குக் கேட்பதில்லை. ஆயினும் ஏறியவர் கிழவியா, உத்தியோகத்தரா, சில்லறை தராத ஆளா என்பதை இவர் பேச்சிலிருந்தே உணர்ந்துகொள்கிறோம். காலி இருக்கைகளிற் பயணிகளை ஏற்றுபவர்கள் பார்வையாளர்களாகிய நாமே. நாம் அந்த ஊரையும் அந்தப் பேச்சையும் அறிந்திராவிட்டால் பஸ் வெறுமையாகத்தான் ஓடும்.

எட்டு மெய்ப்பாடுகளுள் தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் இடங்களுள் எள்ளலும் ஒன்று. பாலச்சந்திரனிடமும் எள்ளல் உண்டு. ஆனால், அது மேலே நின்று கீழே பார்த்துச் சிரிக்கும் எள்ளல் அன்று. தென்னிந்தியத் திரைப்படப் பேச்சையே நகைச்சுவைக்கு உரிய மொழியாகக் கருதிய பலர் இருந்த காலத்தில், அவர் யாழ்ப்பாணத்துப் பேச்சை அதன் இழுவையோடும் உறவு முறையோடும் மேடையேற்றினார். தலைப்பிலேயே சாரதி ‘அண்ணை’ ஆகிவிடுகிறார் அல்லவா?

அவர் பின்னர் கனடாவிற் குடியேறினார். அங்கும் மேடையிலும் தமிழ்த் தொலைக்காட்சியிலும் சிரிக்கவைத்தார். ‘கரையைத் தேடும் கட்டுமரங்கள்’ என்ற நாவலையும் எழுதினார். 2014 பெப்ரவரியில் ரொறன்ரோவிற் காலமானார். பனிவிழும் அந்நகரில் ‘அண்ணை றைற்’ கேட்டுச் சிரித்தவர்கள் நினைவிலிருந்த பஸ்ஸில்தான் ஏறியிருப்பார்கள். அவர்களின் பிள்ளைகள் எந்தப் பஸ்ஸில் ஏறுவார்கள் என்ற கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது.

அண்மையில் என் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் போகும் பஸ்ஸின் கொண்டக்டராக ஒருவர் நடிக்க வேண்டும். வேறு எவரும் பேசக் கூடாது. பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து வந்தாள். புத்தகப் பையைத் தோளில் மாட்டினாள். இறங்க மனமில்லாமற் கதைத்துக்கொண்டிருக்கும் ஒருவரை நோக்கி, “சின்னம்மா, நெடுந்தீவுப் படகு உங்களைப் பாத்துக்கொண்டு நிக்குமே?” என்றாள்.

வகுப்பே சிரித்தது. அந்தச் சின்னம்மாவை எல்லோரும் கண்டுவிட்டார்கள். அந்த மாணவி பாலச்சந்திரனைக் கேட்டதேயில்லை. அவள் கேட்டது தன் ஊர் பஸ்ஸைத்தான். அவரும் அப்படிக் காதுகொடுத்துக் கேட்டே கலைஞரானார். மறுநாள் அவரின் ஒலிப்பதிவை வகுப்பிற் போட்டுக் காட்டினேன். இம்முறை டைனமோ சுற்ற வேண்டியிருக்கவில்லை.