நாடகம் பார்ப்போம், கேள்வியும் கேட்போம்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு டீவி நாடகத்தைப் பற்றிப் பேசுவோம். "நாடகம் பார்க்காதீங்க" என்று சொல்ல வரவில்லை. காலையில் பிரட்டுக்குப் போய், மலையில் கொழுந்தெடுத்து, நிறுத்துப் போட்டு, லயத்துக்கு வந்து சோறாக்கி முடித்த பிறகு அந்த அரை மணித்தியாலம்தான் காலை நீட்டி உட்காருகிறோம். அது நமக்கு வேண்டும். ஆனால் மலையில் கண்ணை மூடிக்கொண்டா பறிக்கிறோம்? கொழுந்து எது, முத்தல் எது என்று பார்த்துத்தானே கூடையில் போடுகிறோம். நாடகத்தையும் அப்படிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்வோம். 1930களில் அமெரிக்காவில் வானொலித் தொடர் நாடகங்களுக்குச் சவர்க்காரக் கம்பனிகள் காசு கொடுத்தன. வீட்டிலிருக்கும் பெண்கள் கேட்பார்கள், சவர்க்காரம் வாங்குவார்கள் என்பது கணக்கு. அதனால்தான் தொடர் நாடகத்துக்கு ஆங்கிலத்தில் இன்றும் 'சோப் ஒபேரா' என்று பெயர். கதவு திறக்கிறது, வந்தது யாரென்று தெரியுமுன் 'தொடரும்' என்று போடுகிறார்களே, ஏன்? நாளைக்கும் நாம் விளம்பரத்துக்கு முன்னால் உட்கார வேண்டும்.

அந்த விளம்பரம் என்ன சொல்லும்? கறுப்பான பிள்ளைக்கு வேலையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. கிரீம் பூசினால் எல்லாம் வரும் என்று சொல்லும். பல இடங்களிலிருந்து எதிர்ப்பு வந்து, 'ஃபெயார் அன்ட் லவ்லி' தன் பெயரையே 2020இல் 'குளோ அன்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. ஆனாலும் நம் பிள்ளைகள் வெள்ளையாக வேண்டுமென்று பேர் ஊர் தெரியாத கிரீம் வாங்குகிறார்கள். சிலதில் பாதரசம் கலந்திருக்கும். அது தோலை மட்டுமல்ல, சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெயிலில் உழைத்துக் கறுத்த முகத்துக்கு என்ன குறைச்சல்?

அடுத்தது அடி. புருஷன் கன்னத்தில் அறைவான், பெண்சாதி அழுவாள், இரண்டு நாளில் "குடும்பத்துக்காக" மன்னித்துவிடுவாள். பக்கத்தில் இருந்து பார்க்கும் பொடியன் என்ன படிப்பான்? அடிப்பது ஆம்பிளைத்தனம் என்று படிப்பான். பொம்பிளைப் பிள்ளையோ, அடி வாங்குவது தலையெழுத்து என்று நினைக்கும். நாட்டில் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிபட்டவர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்கள் உதவிக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. நாடகம் இதைச் சொல்லாவிட்டால் நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

எல்லா நாடகமும் ஒன்றுபோல இல்லை. 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' அபியை நினைத்துப் பாருங்கள். கட்டிடத் தொழில் நடத்தித் தன் காலில் நின்றாள். அப்படி ஒன்று வந்தால் அதையும் பாராட்டிப் பேசுவோம்.

ஆகவே, விளம்பரம் ஓடும்போது பிள்ளைகளிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்:

இந்த வீட்டுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? யார் உழைக்கிறார்கள்?

கெட்டவள் என்று ஏன் எப்போதும் மாமியாரையோ நாத்தனாரையோ காட்டுகிறார்கள்?

இது நம்ம லயத்தில் நடந்தால் நாம் என்ன செய்வோம்?

பதில் சரியா பிழையா என்பது பெரிதல்ல. வாய்விட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளை நாளைக்குக் கடைக்காரரிடமும் கேட்கும், கட்டிக்கொடுத்த வீட்டிலும் கேட்கும். இன்று இரவே தொடங்குவோம்.