மான் வேட்டைக்கு எந்த காலிபர்?

போன மாசம் ஒஹாயோவிலிருந்து ஒரு நேயர் மெசேஜ் அனுப்பியிருந்தார். "ப்ரோ, நவம்பர் வந்தா எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் மான் வேட்டைக்குப் போறாங்க. இந்த வருஷம் என்னையும் கூப்பிடுறாங்க. எந்த காலிபர் வாங்குறது? யூடியூப்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

இதுக்கு ரெண்டு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா இதே கேள்விக்குத் தப்பான பதிலைத் தேர்ந்தெடுத்து, ஒரு மானை வீணடிச்சவன் நான். அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறேன்.

நம்ம ஊர்ல இருந்து கேக்குறவங்களுக்கு ஒரு விஷயம். இந்தியாவுல 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுட்டா ஜெயில்தான். நான் பேசுறது அமெரிக்காவைப் பத்தி. அங்கே ஒவ்வொரு மாநிலமும் லைசென்ஸ் கொடுத்து, இத்தனை நாள், இத்தனை மான்னு வரையறை போட்டு நடத்துது. வேட்டையே சரியா தப்பாங்கறதை இன்னொரு எபிசோடுல சண்டை போட்டுக்கலாம்.

நான் இருக்கிறது விஸ்கான்சின். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பிச்சு ஒன்பது நாள், துப்பாக்கி சீசன். அந்த வாரம் எங்க டீம்ல யாரும் புது கோடு ரிலீஸ் பண்ண மாட்டாங்க, ஏன்னா ஏதாவது உடைஞ்சா சரி பண்ண ஆள் காட்டுக்குள்ள இருப்பார். எங்க டீம் லீடுக்கு ஐம்பத்தஞ்சு வயசு, மாநிலத்தோட வடக்குப் பக்கத்துக்காரர். அவர்தான் என்னைக் கூப்பிட்டார். என்னை மாதிரி தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கி வச்சிருக்கறதை மத்திய சட்டம் பொதுவா தடை பண்ணுது. விதிவிலக்குகள்ல ஒண்ணு, செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ். அதனால ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சு, லைசென்ஸ் எடுத்து, பளிச்சுனு ஆரஞ்சு கலர் கோட்டும் வாங்கிட்டேன். உங்க விசா நிலைமை வேறயா இருக்கலாம். ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டு இறங்குங்க.

லீட் எனக்குக் கொடுக்க நினைச்சது அவரோட .243 வின்செஸ்டர். "என் பொண்ணு பன்னெண்டு வயசுல இதுலதான் கத்துக்கிட்டா"ன்னு சொன்னார். அந்த ஒரு வரியில என் ஈகோ எழுந்து உட்கார்ந்துடுச்சு. பன்னெண்டு வயசுப் பொண்ணோட துப்பாக்கியை நான் தூக்கிட்டுப் போறதா? அவர் தம்பிகிட்ட .300 வின்செஸ்டர் மேக்னம் ஒண்ணு இருந்தது. அது போதும்னேன். லீட் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒண்ணும் சொல்லலை. கோடு ரிவ்யூவுலயும் அவர் அப்படித்தான்.

சரி, கதைக்கு முன்னாடி இந்தப் பேரெல்லாம் என்னன்னு பார்ப்போம். காலிபர்ங்கறது மேலோட்டமா குண்டோட விட்டம். நம்ம ஊர் போலீஸ் தோள்ல பார்த்த த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் ஞாபகம் இருக்கா? அந்த .303, அங்குலக் கணக்குல குழலோட உள்விட்டம். அமெரிக்கத் தோட்டாக்களும் பெரும்பாலும் இந்த வழிதான், ஆனா பேர் வச்சவங்க யாரும் ஒரே விதியைப் பின்பற்றலை. .308-ன்னா குண்டு 0.308 அங்குலம். .270-ன்னா 0.277! .30-06-ல 06-ங்கறது 1906-ஆம் வருஷம். .30-30-ல ரெண்டாவது 30, அந்தக் காலத்துல போட்ட வெடிமருந்தோட எடை. வேரியபிளுக்குப் பேர் வைக்கிறது கஷ்டம்னு நாமதான் புலம்புறோம்னு நினைச்சேன். இவங்க நமக்கு நூறு வருஷம் சீனியர். .243-ங்கறது 1952-ல வந்த .308-ஓட பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தைச் சுருக்கி, சின்னக் குண்டு வச்சு 1955-ல வந்தது. அதாவது .308-ஓட ஃபோர்க்.

இப்ப கணக்கு. ஒரு சாதாரண .243 தோட்டாவுல ஆறரை கிராம் குண்டு, வினாடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகம். அரை எம் வி ஸ்கொயர் போட்டா 2600 ஜூலுக்கு மேல வரும். .300 மேக்னத்துல குண்டு பதினொன்றரை கிராமுக்குக் கொஞ்சம் அதிகம், வேகம் கிட்டத்தட்ட அதே. 4700 ஜூலைத் தாண்டும். ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. நான் பார்த்தது இந்த நம்பரை மட்டும்தான்.

பார்க்காதது இன்னொரு நம்பர். நியூட்டன் மூணாவது விதி, பன்னெண்டாம் கிளாஸ்ல மார்க் வாங்குனதோட மறந்தாச்சு. குண்டும் மருந்து வாயுவும் முன்னால போனா, துப்பாக்கி பின்னால வந்து தோள்ல உதைக்கும். மூணரை கிலோ துப்பாக்கியில .243 உதைக்கிறது ஏறக்குறைய 12 ஜூல். கொஞ்சம் கனமான துப்பாக்கியிலயே .300 மேக்னம் ஏறக்குறைய 35. குண்டோட சக்தி ரெண்டு மடங்குக்குள்ளதான் கூடுது, உதை மூணு மடங்கு ஆகுது.

ரேஞ்சுல பழகும்போது பத்து ரவுண்டுதான் சுட்டேன். தோள் கன்னிப்போச்சு. அட்டையில ஓட்டைகள் சிதறித்தான் இருந்தது, ஆனா அட்டையிலதானே இருக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

சீசனோட முதல் நாள், சாயங்காலம் மூணரை மணி. சுமார் எழுபது கஜத்துல ஒரு பெட்டை மான், வெள்ளைவால் மான், பக்கவாட்டுல நின்னு எதையோ மேஞ்சிட்டு இருந்தது. முன்னங்கால் தோளுக்குக் கொஞ்சம் பின்னாடிதான் குறி. அங்கே இதயமும் நுரையீரலும் சேர்ந்து, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடம். அதுல குண்டு போனா பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்ள விழுந்துடும். குறி வச்சேன், சுட்டேன். மான் முதுகை வளைச்சு ஒரு குதி குதிச்சு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓடிடுச்சு.

லீட் வந்து மான் நின்ன இடத்துல குனிஞ்சு இலையைப் பார்த்தார். ரத்தம் கொஞ்சம், கூடவே பச்சையும் பழுப்புமா ஏதோ. நுரையீரல்ல பட்டா ரத்தம் ரோஸ் நிறத்துல நுரையோட இருக்கும். இது குடல். குண்டு ரொம்பப் பின்னால, கீழே போயிருக்கு. குடல்ல அடிபட்ட மான் உடனே சாகாது, மணிக்கணக்கா தவிக்கும். பின்னாடியே துரத்துனா இன்னும் தூரம் ஓடும், அதனால காத்திருக்கணும். வானத்துல பனி இறங்குற மாதிரி இருந்தது. காத்திருந்தா பனி தடத்தை மூடிடும், போனா மான் ஓடிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கிட்டுப் போனோம். முந்நூறு கஜம் வரைக்கும் அங்கங்க ஒரு சொட்டு கிடைச்சது. அப்புறம் சதுப்புக் காடு, பனி பெய்ய ஆரம்பிச்சிடுச்சு. மறுநாள் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் தேடுனோம். கிடைக்கலை.

எங்க வீட்டுல கோழி அறுக்கும்போது எங்க பாட்டி கத்தியை ரெண்டு தடவை தீட்டுவாங்க. அந்த ரெண்டு நாளும் எனக்கு அந்தச் சத்தம்தான் காதுல.

அடுத்த வாரம் லீட் என்னை ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போனார். அதே மேக்னம். "நீ குறி பாரு, தோட்டா நான் போடுறேன்"னார். ரெண்டு ரவுண்டு வெடிச்சது. மூணாவது விசையை அழுத்தினேன். கிளிக். மருந்து இல்லாத டம்மித் தோட்டாவைச் சொல்லாமப் போட்டிருக்கார். வெடியே இல்லை, உதையே இல்லை. ஆனா துப்பாக்கி முனை சடக்குனு கீழே குத்துச்சு, என் கண்ணு இறுக்கி மூடியிருந்தது. உதை வரப்போகுதுன்னு உடம்பு முன்கூட்டியே பயந்து தள்ளுது. இங்கிலீஷ்ல ஃபிளிஞ்ச்ம்பாங்க. வெடிச்சத்தத்துல இது தெரியவே தெரியாது, கிளிக்லதான் மாட்டும். எழுபது கஜத்துல மானோட வயித்துல குண்டு போனது இப்படித்தான்.

அப்புறம் .243-ஐக் கையில கொடுத்தார். நடுநடுவே டம்மி போட்டார். அசைவு குறைஞ்சு குறைஞ்சு, நாலாவது சனிக்கிழமை முனை அப்படியே நின்னுது. போன வருஷம் அதே காட்டுல, அதே .243-ல அறுபது கஜத்துல ஒரு மான். நாப்பது அடி தூரம் ஓடி விழுந்துடுச்சு. ரெண்டு நுரையீரல்லயும் ஓட்டை.

உடனே ".243-தான் பெஸ்ட்"னு கமென்ட் போடாதீங்க. .270, .308, .30-06 எல்லாமே மானுக்குத் தாராளம். 2007-ல வந்த 6.5 க்ரீட்மோர் புது ஃப்ரேம்வொர்க் மாதிரி, வெறுக்கிறவங்களும் கூட்டம், கொண்டாடுறவங்களும் கூட்டம், ஆனா உதை மிதம், குறி நல்லா நிக்கும். 1895-ல வந்த .30-30 இன்னைக்கும் காட்டுக்குள்ள வேலை செய்யுது. நூறு கஜத்துக்குக் குறி சரி பண்ணுன .308 இருநூறு கஜத்துல நாலு அங்குலம் இறங்கும்னா, .30-30 அதுக்கு ரெண்டு மடங்கு இறங்கும். ஆனா அடர்ந்த காட்டுல உங்களுக்கு இருநூறு கஜம் கண்ணுக்கே தெரியாது. காலிபரைவிட முக்கியம், உள்ள பட்டதும் காளான் மாதிரி விரியுற வேட்டைக் குண்டா வாங்குறது. ரேஞ்சுல சுடுற மலிவான, முழுசா செம்பு உறை போட்ட குண்டு விரியாது, ஊசி மாதிரி துளைச்சிட்டுப் போயிடும்.

சட்டமும் இருக்கு. விஸ்கான்சின்ல .223-ஐக்கூட மானுக்கு அனுமதிக்கிறாங்க. கொலராடோவுல .24-க்குக் கீழே கூடாது. நம்ம ஒஹாயோ நேயருக்கோ, நான் இவ்வளவு நேரம் சொன்ன பேர்ல ஒண்ணுகூட செல்லாது! அங்கே மானுக்கு ரைஃபிள்னா கூடு கழுத்துச் சுருங்காம நேரா இருக்கிற தோட்டாதான், அதுவும் 2014-ல இருந்துதான் அனுமதி. அதுக்கு முன்னாடி ஷாட்கன் மாதிரி குறைஞ்ச தூரத் துப்பாக்கிங்கதான். இந்த மாதிரி மாநிலங்களை மனசுல வச்சே 2019-ல .350 லெஜண்ட் வந்தது. நூத்தம்பது கஜம் வரைக்கும் மானுக்குப் போதும், உதை கிட்டத்தட்ட .243 அளவுதான். கடைக்காரர் .450 புஷ்மாஸ்டரைக் காட்டி "இதுதான் ஆம்பளைத் துப்பாக்கி"ம்பார். கேட்டுக்கிட்டுச் சிரிச்சிட்டு வந்துடுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஆபீஸ் நண்பர்கிட்ட ஒரு .350 கடன் கேளுங்க. கூட ரெண்டு டம்மித் தோட்டா வாங்கிக்கோங்க, பெரிய விலை இல்லை. ரேஞ்சுல தோட்டா போடுறது மட்டும் அவரா இருக்கட்டும், நீங்களா இருக்கக்கூடாது. கிளிக் வரும்போது முனை எங்கே போச்சுன்னு அவரைப் பார்க்கச் சொல்லி, எனக்கு மெசேஜ் போடுங்க.