எழுத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஓவியப் பயிற்சி

 

பா, தா, ஸா மூன்றுக்கும் உருவம் ஒன்றே; புள்ளிகளே வேறு. நமது மக்தப் மாணவன் ஒருவன் ஓராண்டாகியும் இவற்றைப் பிரித்தறியவில்லை. சோம்பலென எண்ணிப் பிரம்பை எடுத்தோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக! அது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு, அறிவுக்குறையன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கற்றல் குறைபாட்டை ஏற்றுள்ளது.

அவனது சிலேட்டின் பின்புறத்தில் நமது பள்ளிவாசலின் மினாராவைக் கண்டோம், கோணலே இல்லை. அன்றே கவராயம் வாங்கிக் கொடுத்தோம். வட்டம் வரைந்து, அதே அளவால் வட்டத்தின் மீது அடையாளமிட்டுச் சென்றால் சரியாக ஆறு புள்ளிகள் விழும்; அவற்றில் ஊன்றி வில் வரைந்தால் ஆறிதழ் மலர். ஒரே தடவையில் கற்றுக்கொண்டான். (உயிரினங்களின் உருவம் பற்றிக் கேட்போருக்கு: இங்கு பூவும் கொடியும் வடிவங்களுமே.)

பின்னர் மூங்கில் எழுதுகோல். கி.பி. 940இல் மறைந்த பக்தாதின் இப்னு முக்லா, எழுத்துகளைப் புள்ளியால் அளக்கும் முறையை வகுத்தவர். அவ்வழியே பாவைப் பெரிதாக வரைந்து கீழே ஒரு புள்ளி, தாவுக்கு மேலே இரண்டு என இடச்செய்தோம். ஓவியம் இதற்கு மருந்தன்று. வாசிப்புக்குத் தனிப்பயிற்சி வேண்டும். இன்றும் திணறியே ஓதுகிறான். திணறி ஓதுபவருக்கு இரு நற்கூலி என்பதை அவனிடம் பிரம்புக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இத்தகைய பிள்ளைகளை மறைக்காதீர்கள். சனிக்கிழமை அஸருக்குப் பின் அழைத்து வாருங்கள். தாளும் கவராயமும் ஜமாஅத் தரும்.