பிள்ளைக்குத் தெரிந்ததைக் கேட்கும் வினாத்தாள்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



உங்களிற் பலர் இன்று ஆசிரியைகள். இன்னும் பலர் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் தாய்மார். ஆகவே, வினாத்தாளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

க.பொ.த. சாதாரண தர விஞ்ஞான பாடத்தின் முதலாம் வினாத்தாளில் 40 பல்தேர்வு வினாக்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஒன்றும் படிக்காத பிள்ளை கண்ணை மூடிப் புள்ளடி இட்டாலும் சராசரியாகப் பத்துச் சரிவரும். இரண்டாம் வினாத்தாளில் அப்படி முடியாது. தானே எழுதி விளக்கவேண்டும். தவணைப் பரீட்சையிலும் இந்த ஒழுங்கு வேண்டும். திருத்துவது சுலபம் என்பதற்காகப் பல்தேர்வோடு நின்றுவிடக் கூடாது.

பாசிக்குடாவுக்கு அருகிலுள்ள நம் களப்பையே எடுப்போம். “பின்வருவனவற்றுள் கண்டல் தாவரம் எது?” என்பது நினைவைச் சோதிக்கிறது. மாரி மழைக்குப் பின் களப்பு நீரின் உவர்த்தன்மை ஏன் குறைகிறது என்று கேட்டால் விளக்கம் வெளிப்படும். கண்டலை வெட்டினால் இறாலுக்கும் மீனவருக்கும் என்ன நேரும் என்று எழுதச் சொன்னால், தெரிந்தவற்றைச் சேர்த்து யோசிக்கும் திறன் தெரியும். 1956 இல் பெஞ்சமின் புளூம் குழுவினர் அறிவை ஆறு படிகளாக வகுத்தார்கள். நினைவு அதில் முதற்படி மட்டுமே.

மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்குக் களப்பு நன்றாகத் தெரியும். கட்டுரை எழுத வராமல் இருக்கலாம். படம் வரைந்து பெயரிடவோ வாயாற் சொல்லவோ இடம் கொடுத்தால் அவளும் புள்ளி பெறுவாள். பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் அதற்கு வழியுண்டு. ஒரே வகை வினாவால் அளந்து, “இவளுக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை அவள் நெடுங்காலம் சுமப்பாள். சிலர் அத்தோடு படிப்பையே விட்டுவிடுகிறார்கள்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியைகளுக்கு இரண்டு சிறு குறிப்புகள். பொருத்துக வினாவில் இடப்பக்கம் ஐந்து இருந்தால் வலப்பக்கம் ஏழு வையுங்கள். இல்லையேல் நான்கு தெரிந்தவளுக்கு ஐந்தாவது தானாக விழும். கட்டுரை வினாவுக்குப் புள்ளித் திட்டத்தை முன்கூட்டியே எழுதிவைத்து, ஒரு வினாவை எல்லா விடைத்தாள்களிலும் திருத்திய பிறகே அடுத்த வினாவுக்குப் போங்கள். களைப்போ பிள்ளையின் பெயரோ புள்ளியை மாற்றும் வாய்ப்பு குறையும்.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும் மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்து ஏசாதீர்கள். எந்த வகை வினாவில் புள்ளி குறைந்தது என்று பிள்ளையுடன் இருந்து பாருங்கள். பல்தேர்வில் நன்றாகச் செய்து கட்டுரையில் தவறியவளுக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சி. இன்னொரு ரியூசன் வகுப்பு அல்ல.